காயத்தோடு களத்தில் நின்ற வீரர்: 1973 அலி – நார்ட்டன் ஆட்டம் குறித்த ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

1975 ஜூலை 1 அன்று கோலாலம்பூர் ஸ்டேடியம் மெர்டேக்காவில் முகமது அலி, ஜோ பக்னரை 15 சுற்றுகளில் புள்ளிகள் அடிப்படையில் வென்று உலகக் குத்துச்சண்டைப் பட்டத்தைத் தக்கவைத்தார். கிள்ளான் பள்ளத்தாக்கின் மூத்த தலைமுறைக்கு அது மறக்க முடியாத ஆட்டம். அதற்கு இரண்டே ஆண்டுகள் முன்புதான் அதே அலி, அதிகம் அறியப்படாத ஒருவரிடம் தோற்றிருந்தார். "தாடை உடைந்ததால் தோற்றார்" என்று அந்தத் தோல்வியை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அது முழு உண்மையா என்று இக்கட்டுரை ஆராய்கிறது. கேள்விகள் இரண்டு: தோல்வியில் காயத்தின் பங்கு எவ்வளவு? காயம்பட்டவர் தொடரலாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் யார்?

2. நிகழ்வு

1973 மார்ச் 31, அமெரிக்காவின் சான் டியாகோ நகரம். அதுவரை 41 வெற்றி, ஒரே ஒரு தோல்வி என்ற கணக்கோடு அலி மேடையேறினார். அந்தத் தோல்வியும் 1971இல் உலக வெற்றிவீரர் ஜோ ஃபிரேசியரிடம் கண்டது. உலகப் பட்டம் அப்போது அலியிடம் இல்லை. வட அமெரிக்கப் பட்டம் இருந்தது. எதிராளி கென் நார்ட்டன் வெல்வார் என்று எதிர்பார்த்தவர்கள் மிகச் சிலரே. 12 சுற்றுகளுக்குப் பின் தீர்ப்பு 2–1 என்று பிரிந்து நார்ட்டனுக்குப் போனது. அலியின் தாடை எலும்பு முறிந்திருந்தது; அன்றே அறுவை சிகிச்சை நடந்தது.

3. தோல்வியின் காரணங்கள்

3.1 காயம்

தாடை எப்போது முறிந்தது என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை. ஆட்டத்தின் தொடக்கச் சுற்றுகளிலேயே முறிந்தது என்பது அலி தரப்பின் கூற்று. கடைசிச் சுற்றுகளில்தான் என்பது நார்ட்டன் தரப்பின் வாதம். முதல் கூற்றை ஏற்றால், ஏறத்தாழ ஆட்டம் முழுவதையும் அலி முறிந்த எலும்போடு ஆடியிருக்கிறார்.

இதன் கடுமையை உணர ஒன்றைக் கவனிக்க வேண்டும். குத்துச்சண்டை வீரர் பல் காப்புறையை இறுகக் கடித்துத் தாடையை அசையாமல் வைத்திருப்பார். முகத்தில் விழும் குத்தைத் தாங்க, இறுகிய தாடையும் கழுத்துத் தசையும் சேர்ந்து நின்றாக வேண்டும். எலும்பு முறிந்துவிட்டால் அப்படி இறுகக் கடிப்பது மிகக் கடினம். தாடையில் இலேசாகப் பட்டாலும் உயிர் போகும் வலி. கை தன்னையறியாமல் முகத்தைக் காக்கப் போகும், தாக்குதல் குறையும்.

3.2 ஆயத்தக் குறைவு

அலி அந்த ஆட்டத்துக்குச் சரியாகத் தயாராகவில்லை. முன்னதாகக் கோல்ஃப் ஆடும்போது கணுக்கால் பிசகியிருந்தது. அவருடைய எடை 221 பவுண்டு. கால் வேகத்தையே கவசமாகக் கொண்டவருக்கு அது அதிகம்.

3.3 எதிராளியின் உத்தி

நார்ட்டனின் பயிற்சியாளர் எடி ஃபட்ச். அலி 'ஜேப்' எனும் இடக்கை நேர்க்குத்தை விடும் அதே நொடியில் நார்ட்டனும் தன் ஜேப்பை விட வேண்டும். வலக்கையை முகவாய் அருகே வைத்து அலியின் குத்தைத் தடுக்க வேண்டும். இதுதான் ஃபட்ச் வகுத்த திட்டம். அலியின் தலையாய ஆயுதம் இதனால் மழுங்கியது.

3.4 மறு ஆட்டம் தரும் சான்று

அதே ஆண்டு செப்டம்பர் 10இல் இருவரும் மீண்டும் மோதினர். அலியின் தாடை குணமாகியிருந்தது. எடை 212 பவுண்டாக இறங்கியிருந்தது. இம்முறை அலி வென்றார். ஆனால் அப்போதும் நடுவர்களின் தீர்ப்பு பிரிந்தே வந்தது. காயமும் இல்லை, ஆயத்தக் குறைவும் இல்லை என்ற நிலையிலும் இடைவெளி இவ்வளவு குறுகலாக இருந்ததென்றால், முதல் தோல்வியைத் தாடையின் தலையில் மட்டும் சுமத்த முடியாது. நார்ட்டனின் திறமைக்கு உரிய மதிப்பைத் தருவதே நேர்மை.

4. நிறுத்தும் உரிமை: ஓர் ஒப்பீடு

4.1 பெர்லின், 2000

காயத்தோடு தொடர்வதா, நிறுத்துவதா என்ற இரண்டாவது கேள்விக்கு வேறு இரண்டு ஆட்டங்களைப் பார்ப்போம். ஏப்ரல் 1 அன்று நடந்த குத்துச்சண்டையில் விட்டாலி கிளிட்ச்கோ, கிறிஸ் பைர்டுக்கு எதிராகப் புள்ளிகளில் தெளிவாக முன்னணியில் இருந்தார். ஆடிய 27 ஆட்டங்களையும் எதிராளியை வீழ்த்தியே வென்றிருந்த வெற்றிவீரர் அவர். இடது தோள்பட்டைத் தசைநார் கிழிந்ததால் ஒன்பதாம் சுற்றோடு விலகிப் பட்டத்தை இழந்தார். கோழை என்ற ஏச்சுக்கும் ஆளானார். ஆனால் 2004இல் மீண்டும் உலகப் பட்டம் வென்றார். அன்று விலகியதால் அவருடைய வாழ்க்கை முடிந்துவிடவில்லை.

4.2 மணிலா, 1975

கோலாலம்பூர் ஆட்டம் முடிந்து மூன்றே மாதத்தில், அக்டோபர் 1 அன்று, அலியும் ஃபிரேசியரும் மோதினர். பதினான்காம் சுற்று முடிந்தபோது ஃபிரேசியரின் கண்கள் வீங்கிப் பார்வை மங்கியிருந்தது. ஒரே சுற்றுதான் பாக்கி. அவரோ தொடரத் துடித்தார். பயிற்சியாளர் விடவில்லை, ஆட்டத்தை நிறுத்தினார். அந்தப் பயிற்சியாளர் வேறு யாருமல்லர், நார்ட்டனை வெற்றிக்கு அழைத்துச் சென்ற அதே எடி ஃபட்ச்தான். வெல்லும் வழி தெரிந்தவருக்கு நிறுத்தும் வேளையும் தெரிந்திருந்தது.

5. முடிவு

அலியின் தோல்விக்குக் காயம் ஒரு காரணம். ஒரே காரணம் அன்று. வலியைத் தாங்கிக் கடைசி மணிவரை நின்ற அவருடைய நெஞ்சுரம் போற்றத்தக்கது. ஆயினும் அதை இளம் வீரர்களுக்கு விதியாக்கக் கூடாது. களத்தில் நிற்பவருக்கு மானம் பெரிது. தன் உடலைத் தானே எடைபோடும் நிலையில் அவர் இருக்க மாட்டார். ஆகவே நிறுத்தும் அதிகாரம் மருத்துவரிடமும் மூலையில் நிற்கும் பயிற்சியாளரிடமும் இருக்க வேண்டும்.

ஷா ஆலமிலும் கிள்ளானிலும் கராத்தே, சிலம்பம், குத்துச்சண்டை பயிலும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். போட்டிக்கு முன்பே பயிற்சியாளரும் பெற்றோரும் பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டும்: எந்த அறிகுறி தெரிந்தால் ஆட்டத்தை நிறுத்துவது, அந்த முடிவை எடுப்பது யார் என்று. காயத்தை மறைக்காமல் சொல்லும் பிள்ளையைக் கோழை என்று யாரும் ஏசக் கூடாது. அந்த உறுதியை முதலில் தர வேண்டியவர் பயிற்சியாளரே.