ஏறும் டயர்: இரண்டு படங்கள்

சாய்த்து வைத்த பலகையில் ஒரு டயர் கீழிருந்து மேலே உருண்டு போவதை, ஒரு பொருள் அடுத்த பொருளைத் தட்டி இயக்கும் சங்கிலியாகவே நகரும் இரண்டு படங்களில் பார்க்கலாம். முதலாவது, சுவிட்சர்லாந்துக் கலைஞர்களான பீட்டர் ஃபிஷ்லியும் டேவிட் வைஸும் 1987-இல் வெளியிட்ட ‘டெர் லாஃப் டெர் டிங்கே’. ஓடும் நேரம் அரைமணி. மற்றது, 2003-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த ஹோண்டா அக்கார்டு கார் விளம்பரமான ‘காக்’. இரண்டே நிமிடம். சூட்சுமம் இரண்டிலும் ஒன்றுதான்: டயருக்குள் ஒரு பக்கத்தில் மட்டும் எடை. அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்திவிட்டு லேசாகத் தட்டினால், எடை கீழே இறங்கும் வேகத்திலேயே டயர் மேட்டில் ஏறிவிடும். ஆனால் பார்ப்பவர் மனத்தில் இரண்டும் ஏற்படுத்தும் விளைவு வெவ்வேறு.

சுவிஸ் படம் ஒரு கிடங்கில் எடுக்கப்பட்டது. பழைய டயர், ஏணி, நாற்காலி, தகர டின், பிளாஸ்டிக் பாட்டில் என எல்லாம் தூக்கிப்போட வேண்டிய சாமான்கள். தொடக்கத்தில் முறுக்கிய கயிற்றில் ஒரு குப்பைப் பை தொங்குகிறது. முறுக்கு அவிழ அவிழப் பை சுழன்றபடி மெல்ல இறங்கி, கீழே நிற்கும் டயரின் தலையை உரசுகிறது. டயர் உடனே கிளம்பிவிடுவதில்லை. மறுபடி உரசல், மறுபடி ஒரு சிறு அசைவு. பிறகுதான் உருள்கிறது. படம் நெடுக இந்தத் தாமதம் வருகிறது. திரி எரிந்து தீர வேண்டும். நுரை பொங்கி விளிம்பைத் தாண்ட வேண்டும். பாத்திரம் நிறைந்து கவிழ வேண்டும். “விழேன், விழேன்” என்று நாம் உள்ளுக்குள் கெஞ்ச ஆரம்பிக்கிறோம். உயிரில்லாத ஒரு பொருளுக்காக இப்படித் தவிக்க வைப்பதைத்தான் இந்தக் கலையின் உச்சம் என்பேன்.

‘காக்’ தாமதத்துக்கு இடம் கொடுப்பதில்லை. தீயும் நுரையும் கிடையாது. வெள்ளைச் சுவரின் முன்னே பளபளக்கும் புது உதிரிபாகங்கள். ஒரு பேரிங் பலகையில் உருண்டு தொடங்கிவைக்க, ஒன்றை ஒன்று தட்டிச் செல்கிறது. தண்ணீர் பட்டதும் தாமே இயங்கும் வைப்பர்கள் கழற்றி வைத்த நிலையில் தரையில் பூச்சிபோல ஊர்ந்து போகும் இடம் அபாரம். காரின் ஒரு வசதியை ஒரு சொல்கூட இல்லாமல் காட்டிவிடுகிறார் இயக்குநர் ஆன்ட்வான் பார்டூ-ஜாக்கே. இதைச் சரியாக எடுக்க 606 முறை முயன்றதாக அப்போது பேசப்பட்டது. எண் எப்படியானாலும், அந்த உழைப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது.

ஒரே மூச்சில் எடுத்ததுபோல் தோன்றினாலும் இரண்டிலும் ஒட்டு உண்டு. ‘காக்’ இரண்டு துண்டுகளின் இணைப்பு. சுவிஸ் படத்தில் வெட்டுகள் இன்னும் அதிகம். அதை ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை. தொடர்வினை நடந்தது நிஜம், கோத்ததுதான் படத்தொகுப்பு.

பெரிய வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது. இவ்வகைக் கருவிகளைக் கேலிச்சித்திரங்களில் வரைந்து புகழ்பெற்ற அமெரிக்கர் ரூப் கோல்ட்பர்க், எத்தனை சுற்று சுற்றினாலும் கடைசியில் ஒரு சின்ன வேலையை முடித்துவைப்பார். ‘காக்’கும் அந்த மரபுதான்: எல்லாம் முடிந்து முழுக் கார் வந்து நிற்கிறது. ஃபிஷ்லியும் வைஸும் அந்த முடிவையே எடுத்துவிட்டார்கள். அவர்கள் படம் எங்கும் போய்ச் சேர்வதில்லை. அதனால் ஒவ்வொரு அசைவையும் அதற்காகவே பார்க்கிறோம்.

விளம்பரம் வெளிவந்தபோது கலைஞர்கள் இருவரும் கடுமையாக ஆட்சேபித்தார்கள். படத்தின் கருத்தை விளம்பரங்களுக்குத் தர முன்பே மறுத்திருந்தவர்கள் அவர்கள். இப்போது தாங்களே விற்றுவிட்டதாக மக்கள் நினைப்பார்களே என்பது அவர்களின் வருத்தம். நியாயமான வருத்தம். எடை வைத்த டயர் யாருக்கும் சொந்தமில்லை என்று வாதிடலாம். ஆனால் அப்படியொரு டயரை அரைமணி நேரப் படத்துக்குத் தகுதியான நாயகனாக முதலில் கண்டவர்கள் அவர்கள். விளம்பரத்தில் அவர்கள் பெயர் எங்கும் இல்லை.