ஆள்மாறாட்டம்

நாவல் எழுதுகிறவர்களுக்கு ஆள்மாறாட்டம் என்றால் கொள்ளை ஆசை. இரட்டையரில் ஒருவன் சாது, மற்றவன் கொலைகாரன். பழி சாதுவின் தலையில் விழும். இதே கதையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு காளான் நடத்திக் காட்டியிருக்கிறது என்று அறிந்தபோது எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

ஐரோப்பாவில் ஆஷ் என்றொரு மரம். கோடாலிப் பிடிக்கும் படகுத் துடுப்புக்கும் அதைத் தேடுவார்கள். அதன் உதிர்ந்த இலைக்காம்புகளில் வெள்ளைக் கிண்ணம் போல ஒரு சிறு காளான் முளைக்கும். 1851-லேயே பெயர் பெற்றது. காம்பை மக்கச் செய்வதைத் தவிர வேறு பாவம் அறியாதது.

1992-வாக்கில் போலந்து நாட்டில் ஆஷ் மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போகத் தொடங்கின. நோய் நாடு நாடாகப் பரவிற்று. 2006-ல் கோவால்ஸ்கி என்ற அறிஞர் காரணமான பூஞ்சையைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். கிண்ணம் மட்டும் அகப்படவில்லை. 2009-ல் அதுவும் அகப்பட்டது. பார்த்தால், நம் பழைய சாது! நூற்றைம்பது வருஷம் சருகு தின்று காலம் கழித்தவன் திடீரென்று கொலையில் இறங்குவானா? 2011-ல் மரபணுவை ஒப்பிட்டபோதுதான் இவன் வேறு ஆள் என்று தெரிந்தது.

சரி, எந்த ஊர்க்காரன்? விடை ஜப்பானில், காய்ந்த மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் காப்பகத்தில் கிடந்தது. மஞ்சூரிய ஆஷ் மரத்தின் இலைக்காம்பில் கண்ட கிண்ணக் காளானை, லாம்பெர்டெல்லா அல்பிடா என்ற பெயரில் 1993-லேயே அங்கே பதிவு செய்திருந்தார்கள். அந்த மரத்தோடு அது பழகிய விருந்தாளி. அங்கே மரம் சாவதில்லை. போலந்தில் மரங்கள் சாகத் தொடங்கிய மறு வருஷம் அச்சான செய்தி! ஆனால் பெயர் வேறு, நாடு வேறு. யார் முடிச்சுப் போடுவார்கள்? இரண்டும் ஒன்றே என்று 2012-ல் நிரூபித்தார்கள். அதே வருஷம் இங்கிலாந்துக் காடுகளிலும் நோய் தென்பட்டது. முன்பே தெரிந்திருந்தால் மரங்கள் பிழைத்திருக்குமா? அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. நாற்றுகளை நாடு விட்டு நாடு ஏற்றுமுன் யாராவது ஒரு கணம் தயங்கியிருக்கலாம்.

பிறகு ஆராய்ச்சியாளர்கள் பழைய இலைத் தாள்களையே குடைந்தார்கள். எஸ்தோனியாவில் நோய் கண்ணில் பட்டது 2003-ல். 1997-ல் அங்கே பறித்து உலர்த்திய ஆஷ் இலையிலேயே அந்தக் காளானின் மரபணு இருந்தது. ருஷ்யத் தூரக் கிழக்கிலிருந்து வந்த இலையொன்றிலும் இருந்தது. அது 1962-ல் பறித்தது. பறித்தவர் இலைக்காகத்தான் பறித்தார். கூடவே வந்தவனை அவர் அறியார்.