இரும்புக் குடுவையிலிருந்து இறகு வரை

பாதரச வியாபாரத்தில் இன்றும் புழங்கும் அளவு 'குடுவை'. திருகுமூடி போட்ட எஃகுக் குடுவை அது. கொள்ளளவு இரண்டரை லிட்டர்தான். ஆனால் உள்ளே இருக்கும் பாதரசத்தின் எடை மட்டும் 34.5 கிலோ. ஒரு கையால் தூக்கிவிடலாம் என்று குனிகிறவர் முதல் முறை ஏமாந்துபோவார். தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம் அந்த உலோகத்துக்கு.

இந்தியாவில் பாதரசச் சுரங்கம் கிடையாது. இங்கே வந்தவை எல்லாம் வெளிநாட்டுக் குடுவைகள்தான். உலகச் சந்தைக்கு நெடுங்காலம் அதிகம் கொடுத்தது ஸ்பெயின் நாட்டின் அல்மதேன் சுரங்கம். ரோமானியர் காலத்திலிருந்து தோண்டப்பட்ட அந்த ஊரில் கிடைத்தது செந்நிறக் கல். பாதரசமும் கந்தகமும் பிணைந்து உறைந்த கல் அது. நம் சித்த மருத்துவர்கள் சாதிலிங்கம் என்பார்கள். சூளையில் சுட்டால் கந்தகம் பிரிந்து போகும், பாதரசம் ஆவியாகும். அந்த ஆவியைக் குளிரவைத்தால் வெள்ளிபோல் சொட்டும். பயணம் அங்கே ஆரம்பிக்கிறது.

சேலத்துக்காரர்களுக்குப் பாதரசம் புதிய சரக்கு அல்ல. நகரத்தை ஒட்டிய கஞ்சமலையில் சித்தர் கோயில் இருக்கிறது. அமாவாசைக்குக் கூட்டம் அலைமோதும். சித்தர் மரபில் பெரிய வித்தை ரசத்தைக் கட்டுவது. ஓடுகிற பாதரசத்தை மூலிகைச் சாற்றாலும் கந்தகத்தாலும் இறுக்கி, உருட்டி, மணியாக்க முயன்றார்கள். ரசம் எளிதில் கட்டுப்படாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பின்னால் வந்த ஆலைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதே சேலம் மாவட்டத்தில் மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. தண்ணீரோடு மின்சாரமும் கிடைத்தது. மின்சாரம் இருக்கும் இடத்தை ரசாயனத் தொழில் தேடி வரும். 1936-இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் தொடங்கப்பட்டது. உப்புநீரில் மின்சாரத்தைச் செலுத்திக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிற ஊராக மேட்டூர் வளர்ந்தது. அந்தத் தொழிலில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது பாதரசக் கலம்.

அந்தக் கலம் வேலைசெய்யும் விதம் சுவாரசியமானது. லேசாகச் சரிந்த நீளமான எஃகுத் தொட்டி. அதன் அடியில் மெல்லிய படலமாகப் பாதரசம் ஓடிக்கொண்டிருக்கும். மேலே உப்புநீர். மின்சாரம் பாய்ந்ததும் குளோரின் குமிழியிட்டு மேலே போய்விடும். சோடியம் பாதரசத்தில் கரைந்துகொள்ளும். அந்தக் கலவை அடுத்த அறைக்குப் போய்த் தண்ணீரைச் சந்திக்கும்போது காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜனும் பிறக்கும். சோடியத்தை இறக்கிவைத்த பாதரசத்தைப் பம்பு மறுபடி தொட்டியின் தலைமாட்டுக்கு ஏற்றிவிடும். ஏட்டுக் கணக்கில் பாதரசம் செலவாவதே இல்லை. சுற்றிச் சுற்றி வரவேண்டும். ஆனால் இந்த முறையில் ஓடிய எந்த ஆலைக்கும் அவ்வப்போது புதுக் குடுவை வாங்கி ஊற்ற வேண்டியிருந்தது. குறைந்தது எங்கே போனது? கொஞ்சம் ஹைட்ரஜனோடு, கொஞ்சம் உப்புச் சகதியோடு, கொஞ்சம் கழிவுநீரோடு, மிச்சம் தரையில் சிந்தி ஆவியாகி. காஸ்டிக் சோடா சாயப்பட்டறைக்கும் காகித ஆலைக்கும் சோப்பு ஆலைக்கும் ரசீது போட்டுப் போயிற்று. பாதரசம் ரசீது இல்லாமல் போயிற்று.

காஸ்டிக் சோடா ஆலைகள் பாதரசக் கலத்தைக் கைவிட்டு, பாதரசமே தேவைப்படாத சவ்வுக் கலத்துக்கு மாற வேண்டும் என்று 2003-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்துறையோடு உடன்பாடு செய்தது. 2012 வரை கெடு. நல்ல மாற்றம்தான். ஆனால் தொழில்நுட்பம் மாறியதால் ஏற்கெனவே வெளியேறியது திரும்பி வராது. பாதரசம் ஒரு தனிமம். மக்காது, எரியாது, சிதையாது. வேஷம் மட்டும் மாறும்.

பாதரசம் வெளியேற இன்னொரு வழியும் உண்டு. மேட்டூர் அனல்மின் நிலையத்தின் முதல் நான்கு அலகுகள் 1987 முதல் 1990 வரை ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. பிறகு 600 மெகாவாட் அலகு ஒன்றும் சேர்ந்தது. நிலக்கரியில் பாதரசம் இருக்கிறது. கிலோவுக்கு ஒரு மில்லிகிராம்கூட இராது. ஆனால் அலகு ஒன்று ஒரே நாளில் தின்பது ஆயிரக்கணக்கான டன் கரி. பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். உலையின் சூட்டுக்கு அது எம்மாத்திரம்? ஒரு பங்கு சாம்பலில் ஒட்டிக்கொள்கிறது, மிச்சம் புகைபோக்கி வழியே கிளம்புகிறது. ஆவியான பாதரசம் மாதக்கணக்கில் காற்றில் மிதந்து, எங்கோ மழையோடு இறங்கும். 2015-இல் மனிதர்கள் காற்றில் கலந்த பாதரசம் சுமார் 2,220 டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டது. அதில் சிறு தங்கச் சுரங்கங்களுக்கு முதலிடம், நிலக்கரிக்கு அடுத்த இடம்.

ஏரியில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொடைக்கானல் சாட்சி. 1983-இல் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டது. 2003-இல் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. 2006-இல் வெளியான ஆய்வொன்றில், அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வக விஞ்ஞானிகள் கொடை ஏரியின் தண்ணீரிலும் அடிமண்ணிலும் மீனிலும் பாதரசம் இருப்பதைக் காட்டினார்கள். கழிவு மூட்டையை ஏற்றி அனுப்பிவிடலாம். ஏரியின் சேற்றை ஏற்றி அனுப்ப முடியுமா?

சேற்றில்தான் பாதரசத்தின் பெரிய உருமாற்றம் நடக்கிறது. மேட்டூருக்குக் கீழே காவிரி இப்போது ஆறாக ஓடுவது குறைவு. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று கதவணைகள் அதை வரிசையாக நிறுத்திவைக்கின்றன. பூலாம்பட்டியில் படகில் அக்கரைக்குப் போகிறவர்கள் கடப்பது கடல்போல் நிற்கும் தண்ணீரை. குமாரபாளையம், பள்ளிபாளையம் தாண்டி ஜேடர்பாளையம் அணைக்கட்டில் ராஜவாய்க்கால் பிரிந்து பரமத்தி வேலூர் வெற்றிலைக்கும் வாழைக்கும் போகிறது. நின்ற தண்ணீர், அடியில் கறுப்பு வண்டல், மேலே ஆகாயத்தாமரைப் போர்வை: இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் உயிர்க்காற்று குறையும். அப்படிப்பட்ட சேற்றில் சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் பாதரசத்தைப் பிடித்து அதோடு ஒரு கரிம அணுவைக் கோத்துவிடுகின்றன. பிறப்பது மெத்தில் பாதரசம். 1960-களில் ஸ்வீடன் விஞ்ஞானிகள் ஜென்சன், யெர்னலோவ் இருவரும் இதை நிறுவும்வரை, ஏரியடியில் தூங்கும் பாதரசம் எழுந்து வராது என்றுதான் உலகம் நம்பியிருந்தது.

உலோகப் பாதரசத்தை விழுங்கினால் பெரும்பகுதி குடல் வழியே அப்படியே வெளியேறிவிடும். மெத்தில் பாதரசம் அப்படியல்ல. ஏறக்குறைய முழுவதும் ரத்தத்தில் கலக்கும், மூளைக்குள்ளும் போகும். சேற்றுப் புழு கொஞ்சம் சேர்த்துவைக்கிறது. நூறு புழு தின்ற கெண்டைக்குஞ்சு அத்தனையையும் சுமக்கிறது. கெண்டைகளைத் தின்ற விரால் அதற்கும் மேல். ஒவ்வொரு படியிலும் செறிவு கூடிக்கொண்டே போய், தண்ணீரில் இருந்ததைவிட மீன்தின்னியின் உடம்பில் பத்து லட்சம் மடங்குகூட ஆகலாம். வட்டிக்கு வட்டி போட்ட கந்துவட்டிக் கடன்தான் இது. கடைசியில் அடைக்க வேண்டியது படிவரிசையின் உச்சியில் நிற்கிறவர்.

இந்தச் சமவெளியில் அந்த உச்சியில் நிற்பவை நீர்ப்பறவைகள். சேலம் மூக்கனேரியின் திட்டில், கருவேல மரத்தில் சிறகை விரித்து உலர்த்தும் நீர்க்காகம், தண்ணீருக்கு மேல் கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும் பாம்புத்தாரா, மதகோரம் அசையாமல் நிற்கும் மடையான், ஆற்றின் மேல் வட்டமிட்டு விழும் ஆலா. இவற்றுக்கு மீன்தான் சோறு. மீன் தின்னாவிட்டாலும் தப்பிக்க வழியில்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் சவுத் ஆற்றில், பாதரசம் கசிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகு, கரையில் வாழும் பாட்டுப் பறவைகளின் ரத்தத்தில் அது இருப்பதை 2008-இல் கண்டுபிடித்தார்கள். கொண்டுசேர்த்தது அவை தின்ற சிலந்தி.

ஜப்பானின் மினமாட்டாவில் 1950-களில் மனிதர் நோயில் விழுமுன் பூனைகள் துள்ளித் துடித்துச் செத்தன, காக்கைகள் பறக்கையிலேயே விழுந்தன. பாதரசம் என்றாலே நமக்கு அந்தக் காட்சிதான் நினைவுக்கு வரும். பறவைகளுக்குப் பெரும்பாலும் நேர்வது வேறு. அமெரிக்க ஆய்வாளர் கேரி ஹைன்ஸ் 1970-களில் காட்டு வாத்துகளுக்குத் தீனியில் மிகக் குறைவாக, பத்து லட்சத்தில் அரைப் பங்கு, மெத்தில் பாதரசம் சேர்த்து மூன்று தலைமுறை கவனித்தார். வாத்துகள் சாகவில்லை. ஆனால் கூட்டுக்கு வெளியே முட்டையிட்டன. பொரித்த குஞ்சுகள் குறைந்தன. பிழைத்த குஞ்சுகள் தாயின் அழைப்பொலிக்குச் சரியாக ஓடிவரவில்லை; பயமுறுத்தும் அசைவுக்கோ அளவுக்கு மீறி மிரண்டன. வட அமெரிக்க ஏரிகளில் லூன் என்னும் முக்குளிக்கும் பறவை அடைகாப்பதில் சுணங்கியது. புளோரிடாவில் பிடித்து வளர்த்த வெள்ளை அரிவாள்மூக்கன்களிடம் பாதரசம் ஹார்மோனையே புரட்டிப்போட்டு, ஆண்கள் ஆண்களோடு இணைசேர்ந்ததால் கூடுகள் காலியாகிப் போனதை 2010-இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள்.

பிணம் விழாத நஞ்சு இது. ஏரிக்கரையில் நின்று எண்ணினால் பறவைகள் இருக்கும். நீர்க்காகம் சிறகை உலர்த்தும், மடையான் நிற்கும். குறைந்திருப்பது பொரிக்காத முட்டைகளின் எண்ணிக்கையில் ஒளிந்திருக்கும். அதை யாரும் எண்ணுவதில்லை.

பறவைக்கு இந்தக் கடனைக் கழிக்க இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று முட்டை. தாயின் ரத்தத்திலிருந்து மெத்தில் பாதரசம் முட்டையின் வெள்ளைக்கருவுக்குள் இறங்குகிறது. தாய் இலேசாகிறாள், குஞ்சு சுமக்கிறது. இன்னொன்று இறகு. புது இறகு முளைக்கும்போது அதன் வேரில் ரத்தம் ஓடும். அந்த நாட்களில் பாதரசம் இறகின் புரதத்தில் இருக்கும் கந்தகத்தோடு இறுகிவிடும். வளர்ச்சி முடிந்ததும் ரத்த வழி அடைபட்டுப்போகும். உடம்பின் பாதரசத்தில் 70 முதல் 90 விழுக்காடு வரை இப்படி இறகில் அடைபடலாம். இனப்பெருக்க காலத்தில் மடையான் முதுகில் போர்த்திக்கொள்ளும் அரக்கு நிறச் சாமரத்துக்கும் இதே விதிதான். அல்மதேன் கல்லில் கந்தகத்திடமிருந்து பிரித்தெடுத்த உலோகம் பறவையின் இறகில் மறுபடி கந்தகத்திடமே கட்டுப்படுகிறது. சித்தர்கள் தேடிய ரசக்கட்டு ஓர் இறகுக்குக் கைவந்திருக்கிறது.

கட்டுப்பட்ட அந்த இறகு ஓர் ஆவணமும்கூட. 1960-களில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்த பழைய பறவைகளின் இறகுகளை எடுத்துப் பார்த்தார்கள். நூற்றாண்டுக் காலம் சீராக இருந்த பாதரச அளவு 1940-ஐ ஒட்டித் திடீரென எகிறியிருந்தது. விதைத் தானியத்துக்குப் பாதரச மருந்து பூசத் தொடங்கிய காலம் அது. புதிதாக ஒரு பறவையையும் கொல்லாமல், கூட்டைக் கலைக்காமல், ஒரு நாட்டின் பாதரச வரலாற்றைப் படித்துவிட முடிந்தது.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா ஒப்பந்தத்தை இந்தியா 2018-இல் ஏற்றுக்கொண்டது. மனிதர் நலனோடு சுற்றுச்சூழலையும் காப்பதாக அதில் கையெழுத்திட்டிருக்கிறோம். அதைச் சேலம், நாமக்கல் அளவில் நிறைவேற்றப் பெரிய செலவு வேண்டியதில்லை. வனத்துறை ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. தன்னார்வலர்கள் விடியுமுன் தொலைநோக்கியோடு ஏரிக்கரைக்கு வந்துவிடுகிறார்கள். முறையான அனுமதியோடு, தலையை எண்ணும் கையாலேயே கூடடியில் உதிர்ந்த இறகையும் பொரிக்காத முட்டையையும் எடுத்து, இடமும் தேதியும் எழுதிய உறையில் போடலாம். முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோழி முட்டையை அலசிப் பழகிய ஊருக்கு நீர்க்காகத்தின் முட்டை எட்டாத பொருள் அல்ல. மேட்டூர் முதல் மோகனூர் வரை ஐந்தாறு இடங்களில் பத்தாண்டு இப்படிச் சேர்த்தால், ஆலைகள் மாறியதால் ஆறு எவ்வளவு தேறியது, புகைபோக்கி எவ்வளவு சேர்க்கிறது என்பது எண்களாகக் கைக்கு வரும். ரசீது இல்லாமல் வெளியேறிய சரக்குக்கு நாம் எழுதக்கூடிய முதல் வரவுக் கணக்கு அதுதான்.