ரசம் உறிஞ்சும் ஓசை

1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கிப் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எங்கள் திருமுல்லைவாயில் வழியாகவே சென்றது. ஆக, இரைச்சல் இவ்வூருக்குப் புதிதன்று. ரயில் முழக்கத்தில் அயர்ந்து உறங்கிய என் தந்தையார், பக்கத்து இலையில் ஒருவர் ரசத்தை உறிஞ்சினால் பந்தியை விட்டு எழுந்துவிடுவார். முன்கோபி என்றது ஊர். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

மார்கரெட், பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் இணையர் இதற்கு 'மிசோபோனியா' என்று பெயரிட்டது 2001-இல்தான். சாதாரண ஓசைகளெல்லாம் தாங்கவொண்ணாதபடி உரத்துக் கேட்கும் 'ஹைபராகூசிஸ்' வேறு. இங்கே செவி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மெல்லுதல், உறிஞ்சுதல், மூச்சுவிடுதல் போன்ற சிற்றோசைகளே அருவருப்பையும் சினத்தையும் மூட்டும்.

2013-இல் ஆம்ஸ்டர்டாம் உளமருத்துவர்கள் இந்நோய்க்கு இலக்கணம் வகுக்க முற்பட்டார்கள். (இலக்கணம் எப்போதும் பின்னால்தான் வரும்!) அவர்களே 2021-இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றோர் 54 பேர். அறிதல்-நடத்தைச் சிகிச்சை பெற்றோரில் 37 விழுக்காட்டினர் தேறினர். காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களில் ஒருவரும் தேறவில்லை. காதைப் பொத்திக்கொள்வதன்று அச்சிகிச்சை. கவனத்தை வேறொன்றில் நிறுத்தவும், வெறுத்த ஓசையை இனிய காட்சியோடு பிணைக்கவும், உடலைத் தளர்த்தவும் பயிற்றுவிக்கிறார்கள்.

தந்தையார் 1994-இல் மறைந்தார். கடைசிப் பத்தாண்டுகள், நாங்கள் எல்லோரும் உண்டு எழுந்தபின், தனியாகவே சாப்பிட்டார்.