சட்டப் பள்ளியின் வாசலில்: ஒரு நுழைவுத் தேர்வின் வரலாறு

கடந்த மாதம், எங்கள் விடுதிக்கு எதிரே நகலகம் நடத்துபவரின் மகள் இரண்டு புத்தகங்களோடு என்னிடம் வந்தாள். தில்லி அரசுப் பள்ளியொன்றில் இந்தி வழியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். வழக்கறிஞராக வேண்டும் என்பது விருப்பம். அவள் கொண்டுவந்தவற்றுள் ஒன்று, பழைய புத்தகச் சந்தையில் வாங்கிய, பத்தாண்டுகளுக்கு முந்தைய கிளாட் தேர்வு வழிகாட்டி. மற்றொன்று, அண்மை ஆண்டுகளின் வினாத்தாள்களை அவள் தந்தையே நகலெடுத்துத் தைத்துக் கொடுத்த கட்டு. இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு அவள் கேட்டாள்: “அண்ணா, இரண்டும் ஒரே தேர்வுதானா?”

பெயரளவில் ஒரே தேர்வுதான். ஆனால் அவள் ஐயம் நியாயமானது. வழிகாட்டியில் இலத்தீன் சட்டச் சொற்றொடர்களின் பட்டியல், தலைநகரங்கள், விருதுகள், ஒருவரி வினாக்கள். புதிய வினாத்தாளிலோ பக்கம் பக்கமாக ஆங்கில உரைப்பகுதிகள். இரண்டும் வெவ்வேறு மனிதர்களைத் தேடுவதுபோல் தோன்றின. ஒரு தொழிலின் வாசலில் வைக்கப்படும் தேர்வு, அத்தொழில் தன்னை என்னவாக எண்ணிக்கொள்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். சட்டத்துறையின் வாசலில் யார் எதைச் சோதித்தார்கள் என்று திரும்பிப் பார்ப்பது, வரலாறு பயில்வோருக்கும் இவ்வாண்டு தேர்வெழுதுவோருக்கும் ஒருசேரப் பயன்படும் என்று கருதுகிறேன்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இத்தொழிலுக்கு ஒரே வாசல் இருந்ததில்லை; உயரத்திற்கேற்பப் பல வாசல்கள் இருந்தன. 1879ஆம் ஆண்டின் சட்டத் தொழிலர் சட்டம், கீழமை நீதிமன்றங்களில் வழக்காடிய பிளீடர்களுக்கும் முக்தியார்களுக்கும் தேர்வு நடத்தித் தகுதி அளிக்கும் விதிகளை வகுக்க உயர் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் தந்தது. இந்த ஏணியின் உச்சியில் நின்றவர் பாரிஸ்டர். அவ்விடத்தை எட்ட இலண்டன் செல்ல வேண்டும். கப்பல் கட்டணமும் சில ஆண்டுச் செலவும் வேண்டும். 1888இல் இலண்டன் சென்று 1891இல் பாரிஸ்டரான காந்தி, அங்கே விதிக்கப்பட்டிருந்த விருந்துகளில் கலந்துகொள்வதும் தகுதியின் ஒரு பகுதியாக இருந்ததையும், தேர்வு எளிதாகவே இருந்ததையும் தம் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். வாசலைக் காத்தது வினாத்தாளன்று, பணம்.

பெண்களுக்கோ எந்தத் தேர்வும் போதவில்லை. சட்டப் பட்டம் பெற்றிருந்த ரெஜினா குஹாவின் விண்ணப்பத்தைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 1916இல் மறுத்தது. சுதான்சு பாலா ஹஸ்ராவின் விண்ணப்பத்தைப் பாட்னா உயர் நீதிமன்றம் 1921இல் மறுத்தது. சட்டம் ஆண்களை மனத்தில் கொண்டே எழுதப்பட்டது என்பது அத்தீர்ப்புகளின் சாரம். இந்தத் தடை சட்டமன்றத்தின் வழியாகவே நீங்கியது. 1923இல் பெண் சட்டத் தொழிலர்களுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. தேர்ச்சியும் நுழைவும் ஒன்றல்ல என்பதை நம் சட்டத்துறை தொடக்கத்திலேயே காட்டிவிட்டது.

விடுதலைக்குப் பின் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் பழைய படிநிலைகளை நீக்கி, ஒரே வகை வழக்கறிஞர் என்னும் நிலையை உருவாக்கியது. சட்டக் கல்வியின் தரத்தைப் பேணும் பொறுப்பு இந்திய வழக்கறிஞர் மன்றத்திடம் வந்தது. அக்காலத்தில் சட்டக் கல்லூரியில் சேர்வது பெரும்பாலான இடங்களில் கடினமாக இருக்கவில்லை. ஒரு பட்டம் பெற்றவர் மூன்றாண்டு படித்துச் சட்டப் பட்டமும் பெற்றுவிடலாம். பகலில் அலுவலகம், மாலையில் சட்ட வகுப்பு என்று படித்தவர்கள் ஏராளம். இதனால் தரம் குன்றியது என்ற குறை அப்போது எழுந்தது. எழுத்தர்களும் ஆசிரியர்களும் தொழிற்சங்கப் பணியாளர்களும் நீதிமன்றத்திற்குள் நுழைய அந்த மாலை வகுப்புகளே வழிவிட்டன என்பதையும் நாம் மறக்கலாகாது.

தரம் பற்றிய கவலைக்கு விடையாக எழுந்ததுதான் பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி. கர்நாடகச் சட்டமன்றம் 1986இல் இயற்றிய சட்டத்தால் உருவாகி, 1988இல் தன் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அதன் நிறுவன இயக்குநர் என். ஆர். மாதவ மேனன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் செல்லும் திறனாளிகளைச் சட்டத்தின் பக்கம் ஈர்க்க வேண்டும்; அவர்களுக்குச் சமூக அறிவியலையும் சட்டத்தையும் இணைத்து ஐந்தாண்டு கற்பிக்க வேண்டும் என்பது திட்டம். இடங்கள் சில, விண்ணப்பங்கள் பல என்ற நிலையில் நுழைவுத் தேர்வு இன்றியமையாததாயிற்று.

பெங்களூருவின் வெற்றியைக் கண்டு போபால், ஐதராபாத், கொல்கத்தா, ஜோத்பூர், ராய்ப்பூர், காந்திநகர் ஆகிய நகரங்களிலும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. ஒவ்வொன்றும் தனித்தனியே தேர்வு நடத்தியது. ஒரு மாணவர் ஏழு விண்ணப்பங்களுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். பல ஊர்களுக்கு ரயிலேற வேண்டும். இரண்டு தேர்வுகள் ஒரே நாளில் வந்தால் ஒன்றைக் கைவிட வேண்டும். இத்துன்பத்தை முன்வைத்து 2006இல் ஒரு மாணவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். அதன் தொடர்ச்சியாக, 2007 நவம்பரில் ஏழு பல்கலைக்கழகங்களும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2008 மே 11 அன்று முதல் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வை, அதாவது கிளாட் தேர்வை, பெங்களூரு நடத்தியது. மாணவரின் செலவையும் அலைச்சலையும் குறைக்கப் பிறந்த தேர்வு இது என்பதை நினைவில் வைப்போம்.

தொடக்க ஆண்டுகளின் வினாத்தாளில் 200 வினாக்கள். நேரம் 2 மணி. ஆங்கிலம், பொது அறிவு, அடிப்படைக் கணிதம், சட்ட நாட்டம், தருக்கம் என ஐந்து பகுதிகள். கணக்கிட்டால் ஒரு வினாவுக்கு 36 நொடிகள். இந்த வேகத்தில் சிந்திக்க இடமில்லை; தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. ஆகவே தயாரிப்பு என்பது சேமிப்பாயிற்று. பொது அறிவுக் குறிப்பேடுகள், மனப்பாட அட்டைகள், மாதிரித் தேர்வுத் தொடர்கள் பெருகின. சட்டப் பகுதியில் ஒரு நல்ல வினா வகை இருந்தது: ஒரு சட்டக் கொள்கையையும் ஒரு நிகழ்வையும் தந்து, கொள்கையை நிகழ்வுக்குப் பொருத்தச் சொல்வது. அதைக்கூட வகைவகையாகப் பிரித்து, விடைகாணும் உத்திகளாக மாற்றிவிட்டன பயிற்சி மையங்கள். அவள் கையிலிருந்த பழைய வழிகாட்டி இந்தக் காலத்தின் ஆவணம்.

நிர்வாகக் குறையும் இருந்தது. நிறுவப்பட்ட வரிசைப்படி ஆண்டுக்கொரு பல்கலைக்கழகம் தேர்வை நடத்தியதால், ஓர் ஆண்டு பெற்ற பட்டறிவு மறு ஆண்டுக்குக் கைமாறவில்லை. சட்ட அறிஞர் ஷம்நாத் பஷீர் 2015இல் இக்குறைகளை முன்வைத்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2017இல் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு பதிவு செய்யப்பட்டது. எனினும் 2018 மே மாதக் கணினிவழித் தேர்வில் பல மையங்களில் தொழில்நுட்பக் கோளாறுகள் நேர்ந்தன. திரை உறைந்து நின்ற நிமிடங்கள் மாணவர்களின் கணக்கில் கழிந்தன. உச்ச நீதிமன்றம் தேர்வை ரத்து செய்யவில்லை; இழந்த நேரத்திற்கு ஈடாக மதிப்பெண் வழங்கும் ஒரு கணக்கு முறையை ஏற்றது. 2019இல் தேர்வு மீண்டும் காகிதத்துக்குத் திரும்பியது.

2020 இருவகையில் திருப்புமுனை. முதலாவது, வினாத்தாளின் உருமாற்றம். 200 வினாக்கள் 150 ஆயின. அவை யாவும் உரைப்பகுதிகளை ஒட்டி அமைந்தன. சட்ட முன்னறிவு தேவையில்லை, தரப்படும் கொள்கையைப் படித்துப் பொருத்தினால் போதும் என்றானது. இரண்டாவது, பெருந்தொற்றால் தேர்வு மீண்டும் மீண்டும் தள்ளிப்போனபோது, முப்பருவ முறையில் இயங்கும் பெங்களூரு பள்ளி ஓர் ஆண்டை இழக்க நேரிடும் என்று கூறித் தனித் தேர்வை அறிவித்தது. செப்டம்பர் 12 அன்று வீட்டிலிருந்தபடியே மாணவர்கள் அதை எழுதினர். செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அத்தேர்வைச் செல்லாதென்றது. கூட்டமைப்பின் உறுப்பினர் பொதுத் தேர்வின் வழியே சேர்க்கை நடத்தக் கடமைப்பட்டவர் என்றும், வீட்டிலிருந்து எழுதும் முறை வெளிப்படைத்தன்மைக்கு ஊறு செய்யும் என்றும் கண்டது. ஒரு வாரத்தில், செப்டம்பர் 28 அன்று, கிளாட் நடந்தது. கணினியும் தடையற்ற இணையமும் தனி அறையும் இல்லாத வீடுகளின் பிள்ளைகளுக்கு அந்தச் சில வாரங்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

2023 டிசம்பரில் நடந்த தேர்விலிருந்து வினாக்கள் 120 ஆகின. இப்போது ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம். மேலோட்டமாகப் பார்த்தால் இது தாராளம். ஆனால் உரைப்பகுதி ஒன்று 450 சொற்கள் வரை நீள்கிறது. ஒரு பகுதிக்கு ஐந்து வினா என்று வைத்துக்கொண்டால் 24 பகுதிகள். பத்தாயிரம் சொற்களை நெருங்கும் ஆங்கில உரைநடையை இரண்டு மணி நேரத்தில் படித்து, அதிலேயே விடையும் குறிக்க வேண்டும்.

இங்கேதான் என் வாதம். உரைப்பகுதி முறை மனப்பாடத்தைக் காட்டிலும் சிறந்த சோதனை என்பதில் எனக்கு ஐயமில்லை. வழக்கறிஞர் நாள்தோறும் செய்வது அதுவே: நீண்ட ஆவணத்தைப் படித்து, பொருந்துவதை எடுத்து, பொருந்தாததை விடுவது. ஆயினும் மனப்பாடத்தை ஓராண்டில் வாங்கிவிடலாம். ஆங்கில வாசிப்பு வேகத்தை ஓராண்டில் வாங்க இயலாது. அது, வீட்டில் பத்தாண்டுகளாக ஆங்கில நாளிதழ் வந்து விழுவதால் உருவாவது. பழைய தேர்வு பயிற்சிக்குப் பணம் உள்ளவரைத் தேடியது. புதிய தேர்வு அதனோடு சேர்த்து ஆங்கிலச் சூழலில் வளர்ந்தவரையும் தேடுகிறது. சீர்திருத்தம் நல்லெண்ணத்தோடு வந்தது. சுமை மட்டும் இடம் மாறி, வழக்கமாக அதைச் சுமப்பவர் தோளிலேயே இறங்கியிருக்கிறது.

இதை முன்பே உணர்ந்தவர் ஷம்நாத் பஷீர். 2010இல் அவர் தொடங்கிய ‘ஐடியா’ இயக்கம் எளிய குடும்பத்துப் பிள்ளைகளைக் கண்டெடுத்து இத்தேர்வுக்கு ஆயத்தம் செய்கிறது. 2019இல் அவர் மறைந்த பின்னும் அப்பணி தொடர்கிறது. ஆனால் தேர்வின் அமைப்பே உண்டாக்கும் இடைவெளியைத் தன்னார்வலர்களால் முழுதும் நிரப்ப இயலாது. மருத்துவத்துக்கான நீட் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். கிளாட் தேர்வை இன்றும் ஆங்கிலத்தில் மட்டுமே எழுத முடியும். இதை எதிர்த்த பொதுநல வழக்கொன்று 2023இல் தில்லி உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது.

மறுதரப்பின் வாதத்திற்கும் வலுவுண்டு. அரசமைப்பின் 348ஆம் உறுப்பு உச்ச நீதிமன்றத்திற்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் ஆங்கிலத்தையே பொது விதியாக வைக்கிறது. இப்பல்கலைக்கழகங்களில் பாடமொழியும் ஆங்கிலமே. ஆங்கிலம் வராதவரைச் சேர்ப்பது அவருக்கே தீங்காகாதா என்பர். என் விடை இது: நுழைவுத் தேர்வு அளக்க வேண்டியது கற்கும் ஆற்றலை, ஐந்தாண்டுப் படிப்பு ஒரு மொழியைக் கற்பிக்கப் போதுமான காலம். உச்ச நீதிமன்றமே 2019 முதல் தன் தீர்ப்புகளை இந்திய மொழிகளில் பெயர்த்து வெளியிடுகிறது. தீர்ப்பை மக்கள் தம் மொழியில் படிக்கலாம் என்றால், அதை எழுதக் கற்கும் வாசலில் மட்டும் அம்மொழிக்கு இடமில்லாதிருப்பது ஏன்?

தமிழ்நாட்டில் இம்முரணைக் கண்கூடாகக் காணலாம். மாநிலச் சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்பில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் கொண்டு சேரலாம். திருச்சியிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேரக் கிளாட் எழுத வேண்டும். ஒரே மாநிலம், ஒரே தொழில், இரு வாசல்கள். எந்த வாசல் வழியே வந்தவர் யாருடைய வழக்கை நடத்துகிறார் என்பதை எவரேனும் முறையாக ஆய்ந்தால், அது மிக நல்ல முனைவர் பட்ட ஆய்வாக அமையும்.

அந்தப் பெண்ணிடம் பழைய வழிகாட்டியை மூடி வைக்கச் சொன்னேன். நாள்தோறும் ஒரு தலையங்கம். முதலில் நேரம் பாராமல் படித்து, அதன் வாதத்தை இந்தியில் மூன்று வரியில் எழுத வேண்டும். ஒரு மாதம் கழிந்தபின் கடிகாரத்தை வைத்துக்கொள்ளலாம். பொருள் விளங்கிய பின்னரே வேகம் வரும். அவள் தலையசைத்துவிட்டு, போகும்போது ஒன்று கேட்டாள்: “மூன்று வரி எழுதத் தெரிந்துவிட்டால் எனக்குப் புரிந்துவிட்டது என்றுதானே பொருள்? அதை அவர்கள் ஏன் கேட்பதில்லை?”

என்னிடம் விடையில்லை. இப்பக்கத்தில் சட்டம் கற்பிப்போர் பலர் உள்ளீர்கள். உங்களிடம் இருந்தால் எழுதுங்கள், அவளிடம் சேர்ப்பிக்கிறேன்.