காளிக்குப்பத்தில் கேள்வி கேட்டது யார்?

சுகத மித்ராவும் ரித்து டங்வாலும் காளிக்குப்பம் என்னும் சிற்றூரில் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு, ஆசிரியர் இல்லாமலேயே பிள்ளைகள் தேடிக் கற்றுக்கொள்வார்கள் என்பதற்குச் சான்றாக இன்றும் எடுத்தாளப்படுகிறது. மறுப்போரும் அதே இடத்தில் நின்றுதான் மறுக்கிறார்கள்: கணினியை வைத்துவிட்டுப் போனால் கல்வி வந்துவிடுமா என்கிறார்கள். இரு தரப்பும் ஆய்வின் முதற்கட்டத்தை விட்டு நகரவில்லை. தொழில்நுட்பத்தைக் கொண்டு மாணவரிடம் ஆராயும் பழக்கத்தை வளர்க்க முடியுமா என்பதற்கு அந்த ஆய்வு தரக்கூடிய விடை இரண்டாம் கட்டத்தில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதற்கட்டத்தில், ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட அந்தச் சிற்றூரின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மூலக்கூறு உயிரியல் பாடங்கள் ஆங்கிலத்திலேயே கணினியில் தரப்பட்டன. சொல்லிக்கொடுக்க யாருமில்லை. சுழியத்தை ஒட்டி இருந்த மதிப்பெண் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு ஏறியது. அருகிலிருந்த அரசுப் பள்ளியில் அதே பாடத்தைப் படித்த மாணவர்களின் நிலையை இது எட்டியது. வியப்புக்குரியதுதான். ஆனால் 30 விழுக்காடு தேர்ச்சி அல்ல என்பதை மித்ராவே தம் 2010ஆம் ஆண்டு டெட் உரையில் ஒப்புக்கொள்கிறார்.

அதே உரையில் வரும் ஒரு நிகழ்வு கூர்ந்து படிக்கத்தக்கது. என்ன புரிந்தது என்று அவர் கேட்டபோது, ஒன்றுமே புரியவில்லை என்கிறார்கள் பிள்ளைகள். பிறகு பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி கை தூக்குகிறாள். டி.என்.ஏ. இரட்டிப்பாதலில் நேரும் பிழை மரபுநோய்க்குக் காரணம் என்பதைத் தவிர வேறெதுவும் புரியவில்லை என்று சொல்கிறாள். அரங்கம் சிரிக்கிறது. இந்த விடையைச் சுயகற்றலின் வெற்றியாகப் படிப்பதே வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிழை நோய்க்குக் காரணமாகிறது என்னும் கூற்றைத் திரையிலிருந்து அப்படியே எடுத்திருக்கலாம். அதை மட்டும் வைத்து அவள் ஆராய்ந்தாள் என்று சொல்ல முடியாது. கவனிக்க வேண்டியது, தனக்குப் புரிந்ததையும் புரியாததையும் அவள் பிரித்துச் சொன்னதைத்தான். ஆராய்ச்சி மனப்பாங்கின் முதல் அடையாளம் அது. அது வெளிப்பட்டது ஒருவர் எதிரே நின்று கேட்டபோது. கணினி அவளிடம் அப்படி எதையும் கேட்கவில்லை.

இரண்டாம் கட்டம் இதை உறுதிப்படுத்துவதாகவே எனக்குப் படுகிறது. பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய 22 வயதுக் கணக்காளர் ஒருவர் துணைக்கு வருகிறார். உயிரியல் அவருக்குத் தெரியாது. பாட்டி பேரப்பிள்ளைகளிடம் கேட்பதுபோல், 'இது என்ன? இன்னும் கொஞ்சம் காட்டு' என்று பின்னால் நின்று கேட்பதும் பாராட்டுவதுமே அவர் வேலை. மதிப்பெண் 50 விழுக்காட்டைத் தொட்டு, தகுதிபெற்ற ஆசிரியர்களிடம் படித்த தில்லித் தனியார் பள்ளி மாணவர்களுக்கு ஈடாகிறது. பாராட்டின் ஊக்கமே இதற்குக் காரணம் என்பது பரவலான விளக்கம். ஊக்கத்தின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அவரது அறியாமையே இங்கு வேலை செய்திருக்கிறது என்பது என் துணிபு. வகுப்பில் ஆசிரியர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் விடை தெரிந்த கேள்வி. மாணவர் அந்த விடையை ஊகித்துச் சொன்னால் போதும். விடை தெரியாதவர் கேட்கும்போது அந்த வழி அடைபடுகிறது. அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமானால், சொல்பவர் முதலில் தம் புரிதலில் உள்ள ஓட்டைகளைக் கண்டுகொள்ள வேண்டும்.

இரண்டாம் கட்டத்தில் கூடுதலாகக் கிடைத்த காலமே மதிப்பெண்ணை உயர்த்தியிருக்கலாமே என்ற தடை வலுவானது. துணையாளர் இல்லாமல் அதே காலத்தைக் கழித்த ஒப்பீட்டுக் குழு இல்லாதவரை அதை முற்றிலும் தள்ள இயலாது. ஆயினும் இரண்டாம் கட்ட உயர்வைக் காலத்தின் கணக்கில் எழுதுவோர் முதற்கட்ட உயர்வையும் அதே கணக்கில் எழுத வேண்டிவரும். ஒரே ஊரின் சான்று போதாது என்போருக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஆசிரியரே வேண்டாம் என்ற முடிவுக்கும் அந்த ஊரைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள்.

இந்த வாசிப்பு ஏற்கத்தக்கதானால், வகுப்பறைக் கணினி குறித்த நம் அளவுகோலும் மாற வேண்டும். கருவி எவ்வளவு விடை தருகிறது என்பது இரண்டாம் நிலைக் கேள்வி. கண்டதை யாரிடம், எந்த ஆதாரத்தோடு மாணவர் விளக்க வேண்டியிருக்கிறது என்பதே முதற்கேள்வி. கேட்டவுடன் சரளமாக விடை சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்ட இன்று இது மேலும் கூர்மையாகிறது: விடை சொல்பவர் இடத்தில் செயலி அமர்ந்துவிட்டால், விளக்கும் பொறுப்பு மாணவரை விட்டுப் போய்விடுகிறது. என் வாதத்தைச் சோதிக்கவும் வழியுண்டு. ஒரே பாடம், ஒரே கருவி, ஒரே கால அளவு, ஒரு குழுவுக்குப் பாடம் அறியாத, கேள்வி கேட்கும் துணையாளர், மற்றொன்றுக்குப் பாராட்ட மட்டும் ஒருவர், மூன்றாவதற்கு யாருமில்லை. பாராட்டு மட்டும் பெற்ற குழுவும் முதற்குழுவுக்கு இணையாக விளக்கிக் காட்டுமானால், நான் இங்கு சொன்னது பிழை.