விசா இல்லாத நாடும் நாள் கணக்கும்: திருவனந்தபுரம் – மாலத்தீவு உறவில் சில வரலாற்றுக் குறிப்புகள்

சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நாஞ்சில் நாட்டு அண்ணாச்சி ஒருவர் ஒருநாள் என்னிடம் கேட்டார்: "சார், பிள்ளைய எல்லாம் லீவுக்கு மாலத்தீவு போவணும்னு ஒத்தைக்கால்ல நிக்குதுவ. அங்க போக விசாவே வேண்டாமாமே, நெசந்தானா? அப்போ நாகர்கோவிலுக்குப் போற மாதிரி பெட்டியத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிரலாமா?"

"விசா வேண்டாம் அண்ணாச்சி. ஆனா நிபந்தனை உண்டு" என்றேன். அந்த ஒரு வரி பதிலுக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டுக் கதை இருக்கிறது. அதில் நம் ஊரில், நம்மவர் ஒருவருக்கு நேர்ந்த துயரமும் அடங்கும்.

பழந்தீவுகள்

திருவனந்தபுரத்திலிருந்து ஆகாய வழியே கணக்கிட்டால் மாலே நகரம் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். சென்னையும் அதே தூரந்தான். நமக்குத் தலைநகரம் எவ்வளவு தொலைவோ, அவ்வளவே அந்நிய நாடும்!

முதலாம் இராசராசன் (985–1014) தன் ஆட்சியின் பிற்பகுதியில் கடல் கடந்து பழந்தீவுகள் பன்னீராயிரத்தை வென்றதாக அவன் மெய்க்கீர்த்தி கூறுகிறது. அவை மாலத்தீவுகளே என்பது வரலாற்று அறிஞர்கள் பலரின் கருத்து. அரசர்கள் போர் தொடுத்தது சில காலமே. வணிகர்கள் போய் வந்ததோ எல்லாக் காலமும். அங்கிருந்து சோழியும் மாசியும் வந்தன. இங்கிருந்து அரிசியும் துணியும் போயின. தூத்துக்குடித் தோணிகள் அண்மைக் காலம் வரை காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போய் வந்திருக்கின்றன.

இளநீரும் வெற்றிலையும்

வெளிநாட்டார் அத்தீவுகளுக்குள் எப்படி நுழைந்தனர்? இதற்கு நல்லதொரு சாட்சி மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா. இவர் 1343-இல் மலபார்க் கரையிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தார். கப்பல் வந்ததும் தீவு மக்கள் சிறு படகுகளில் வெற்றிலையும் இளநீரும் எடுத்துக்கொண்டு எதிரே போவார்களாம். யார் கையில் யார் அதைக் கொடுத்தாரோ, அந்தப் பயணி அவருக்கு விருந்தாளி. மூட்டை முடிச்சோடு அவர் வீட்டிலேயே உறவினர்போலத் தங்கலாம். முத்திரையும் இல்லை, முத்திரைக் கட்டணமும் இல்லை!

ஆனால் அங்கே நீதிபதியாகப் பதவி பெற்று, மணமும் செய்துகொண்ட அதே பதூதா, புறப்பட நினைத்தபோது அமைச்சரின் அனுமதிக்காகப் படாத பாடு பட்டார். உள்ளே போவது எளிது, வெளியே வருவதற்குத்தான் கணக்கு வேண்டும் என்பது அன்றே தெரிந்திருக்கிறது.

1994: ஒரு நாள் கணக்கின் விலை

1965-இல் மாலத்தீவு விடுதலை பெற்றது. அதன் பின் அந்நாட்டவர் மருத்துவத்துக்கும் படிப்புக்கும் பெருமளவில் நாடி வந்த ஊர் திருவனந்தபுரம். மெடிக்கல் காலேஜ், குமாரபுரம் பக்கம் அவர்கள் குடும்பத்தோடு அறை எடுத்துத் தங்குவது நமக்குப் பழகிய காட்சி. விசாவுக்கு அலையாமல் வந்து போகலாம் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் நோய் பரவியது. அஞ்சிய பல நாடுகள் இந்திய விமானங்களை நிறுத்தின. அவ்வேளையில் இங்கு வந்திருந்த மாலத்தீவுப் பெண் ஒருவர், விமானம் இல்லாததால் ஊர் திரும்ப முடியவில்லை என்றார். அனுமதித்த காலம் கடந்தும் தங்கினார் என்று அக்டோபர் 20-ஆம் நாள், 1946-ஆம் ஆண்டு அந்நியர் சட்டத்தின்கீழ் வஞ்சியூர் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகியது. அடுத்த மாதமே அது விண்வெளி இரகசியங்களைக் கடத்திய உளவு வழக்காக உருமாறியது.

நவம்பர் 30-ஆம் நாள் கைதானவர் நம்பி நாராயணன். நாகர்கோவிலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்து, நம் ராக்கெட்டுகளுக்கு 'விகாஸ்' என்ஜினை உருவாக்கிய குழுவை நடத்தியவர். ஐம்பது நாள் காவலில் இருந்தார். அந்நாளில் பத்திரிகையைப் பிரித்தாலே அந்தப் பேச்சுதான். நம்மவர் பலரும் "நமக்கு எதுக்கு வம்பு" என்று ஒதுங்கி நின்றதையும் மறைப்பதற்கில்லை.

உளவு நடந்ததற்கு ஆதாரமே இல்லை என்று 1996-இல் மத்தியப் புலனாய்வுத் துறை அறிக்கை தந்தது. மாநில அரசின் மறு விசாரணை முயற்சியை 1998 ஏப்ரல் 29-இல் உச்ச நீதிமன்றம் இரத்துச் செய்தது. வழக்கில் சிக்கிய மாலத்தீவுப் பெண்கள் இருவரும் மூன்றாண்டுக்கும் மேல் சிறையில் கழித்தனர். நம்பி நாராயணனுக்கு ஐம்பது லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதோ 2018 செப்டம்பர் 14-இல். மறு ஆண்டு பத்மபூஷண் விருதும் வந்தது. இழந்த இருபத்து நான்கு ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்?

தங்கும் காலம் தாண்டியது என்ற சிறு வழக்கே இத்தனைக்கும் முதற்புள்ளி என்பதை நாம் மறக்கலாகாது.

இன்றைய நிலை

2018 டிசம்பரில் இரு நாடுகளும் புதிய விசா உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அது 2019 மார்ச் 11 முதல் நடப்புக்கு வந்தது. சுற்றுலாவுக்குச் செல்லும் இந்தியர் 90 நாள் வரை விசாவின்றி அங்கே தங்கலாம். ஆனால் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், திரும்பி வரும் டிக்கெட், தங்குமிடம் பதிவு செய்த சான்று, செலவுக்குப் பணம் ஆகியவை கையில் இருக்க வேண்டும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையவழியே பயணி அறிக்கையும் கொடுக்க வேண்டும். மதுவும் பன்றி இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. வழிபாட்டுச் சிலைகளுக்கும் தடை உண்டு. பெட்டியில் சின்னப் பிள்ளையாரை வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் உண்டல்லவா, அவரை வீட்டிலேயே விட்டுச் செல்வது நல்லது.

இங்கேயும் சட்டம் மாறியிருக்கிறது. 1946-ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கி, 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் அந்நியர் சட்டம் நடைமுறையில் உள்ளது. சட்டத்தின் பெயர் மாறலாம். நாள் கணக்கு மாறாது. எந்த நாட்டில் இறங்கினாலும் முத்திரையில் உள்ள தேதியை அங்கேயே படித்துப் பாருங்கள். நோயோ புயலோ விமானத்தைத் தடுத்தால், காலம் முடியும் முன்பே எழுத்து மூலம் நீட்டிப்புக் கேளுங்கள். அந்தத் தாளின் நகலையும் பத்திரப்படுத்துங்கள்.

நம் அண்ணாச்சி குடும்பத்தோடு நல்லபடியாகப் போய் வந்தார். கொஞ்சம் மாசியும் கொண்டு வந்து தந்தார். "நீங்க சொன்ன மாதிரி அந்தத் தேதியத்தான் சார் முதல்ல பாத்தேன்" என்றார். குமாரபுரம் தெருவில் வழி கேட்டு நிற்கும் மாலத்தீவுக் குடும்பத்தைப் பார்க்கும்போது, அவர்களும் அப்படி ஒரு தேதியை மனத்தில் சுமந்துகொண்டுதான் நிற்கிறார்கள் என்பதை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். அன்று அவர்கள் முன்னோர் இளநீர் கொடுத்து வரவேற்றார்கள். நாம் வழியாவது சரியாகச் சொல்லுவோம்.